மாமன் திருத்திய காடு

என் மகனுக்கு,

நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாய். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. உன் கோபம் ஆண்டிபட்டி தாண்டும்போதே ஆறியிருக்கும், அது உன் அப்பா வழிக் குணம். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆறிவிட்டால் நானும் நல்ல அம்மாவாக உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுவேன். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளைப் பேசவிடாமல் பேசியவள் நான், இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். உன்னோடு வேலை பார்ப்பவர்களும் படிப்பதானால் படிக்கட்டும். ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வருசநாட்டு மலையைச் சரணாலயமாக்கலாமா என்று பார்க்கிற குழுவில் நீ இருக்கிறாய். கடமலைக்குண்டுக்கு மேலே, உன் மாமன், என் கூடப்பிறந்த அண்ணன், இருக்கிறாரே அந்தச் சரிவு, அதைப் பற்றி எழுதவேண்டியவன் நீ. அந்த ஊர் மேலேயே இருக்கட்டும் என்று நீ எழுதினால் அவருக்கு வீடும் நிலமும் நிற்கும். இறக்கவேண்டும் என்று எழுதினால் இந்த வயதில் அவர் மூட்டையைக் கட்டவேண்டும். நீ வருவதற்கு முந்தின நாள் அவர் ஒரு பை மொச்சையோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஏத்தா, மருமகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."

"அண்ணே, அவன் சர்க்கார் காரியமா வாரான். நான் எந்த வாயோட அண்ணே சொல்லுவேன்?"

"அதுவும் சரிதான். மொச்சைய அவிச்சுக் குடு, அவனுக்குப் புடிக்கும்" என்று பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நீ ரசித்துச் சாப்பிட்டாயே, அது அந்த மொச்சைதான்.

சாப்பிடும்போது நீ உன் படிப்பைப் பற்றிச் சொன்னாய். "இது புது அறிவியல்மா. அழகா இருக்கு, பாவமா இருக்குன்னு காட்டைக் காப்பாத்துற கதை இல்ல. எந்த உயிர் எப்படி அழியுதுன்னு கண்டுபிடிச்சு, அது அழியுறதுக்கு முன்னால தடுக்குறது. உலகத்துலயே இப்பத்தான் இதுக்குன்னு ஒரு பேரு வச்சுக் கூடிப் பேசுறாக" என்றாய். ரசத்தைத் தொட்டு மேசைமேல் வட்டம் வட்டமாக வரைந்தாய். பெரிய காடு துண்டு துண்டாகிவிட்டால் ஒவ்வொரு துண்டும் கடல் நடுவே தீவு மாதிரி. அதில் சிக்கிக்கொண்ட சோலைமந்திக் கூட்டம் மரத்தை விட்டு இறங்கி வெட்டவெளியைக் கடக்காது. வெளியிலிருந்து ஜோடி வராது, தங்களுக்குள்ளேயே சேர்ந்து குட்டி போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை நலிந்து, ஒரு நாள் இல்லாமல் போகும். எனக்கு நன்றாகவே விளங்கியது. "அப்ப நம்ம வம்சத்தைத்தான்லே மொதல்ல சரணாலயத்துல விடணும். மாமன் மக, அத்தை மகன்னு உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்டுக் கெடக்கோம்" என்றேன். நீ புரையேறச் சிரித்தாய். அதோடு எழுந்திருந்தால் நம் இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

புதுசு புதுசு என்று நீ சொன்னதில்தான் எனக்கு முதலில் சுருக்கென்றது. உன் அறிவியல் புதுசாக இருக்கலாம், மலையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு நினைப்பு வைத்திருந்தது புதுசில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு இளைப்பு. மூச்சு விட முடியாமல் நெஞ்சு உள்ளே போய் உள்ளே போய் வரும், பார்க்கிற எனக்கு உயிரே போய்விடும். தேனியில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார். உன் மாமன்தான் மலைக்கு ஏறிப்போய்க் கருங்குரங்கு லேகியம் செய்கிறவரைப் பிடித்து, ஒரு டப்பா வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். தேனில் குழைத்து உன் நாக்கில் தடவியவள் நான். உனக்குச் சரியாயிற்று. லேகியத்தால் சரியாயிற்றா, வயதாகத் தானாகச் சரியாயிற்றா, எனக்குத் தெரியாது. இன்றைக்கு எந்தக் குரங்கினத்துக்காக நீ மழையில் நனைந்து அட்டைக்கடி படுகிறாயோ, அதோடு ஒரே சோலையில் வாழ்கிற குரங்கைத் தின்று பிழைத்தவன்தான் நீ. அதற்காக நான் வருத்தப்படமாட்டேன். அன்றைக்கு மலை என்றால் எங்களுக்கு மருந்து, விறகு, கறி. மிளா மான் இறைச்சி ஒரு பங்கு வந்தால் தெருவே மணக்கும். அது தப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நான் சின்னமனூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மேகமலையிலிருந்து எஸ்டேட் ஜீப் இறங்கி வந்தது. முன்னால் பானெட்டில் ஒரு சிறுத்தையைக் கட்டிவைத்திருந்தார்கள். வாய் திறந்திருந்தது, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. தலைமையாசிரியர் மணியடிக்கச் சொல்லி, பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பிள்ளைகள் கை தட்டின. நானும் தட்டினேன். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம் ஊர் ஆட்கள் துரைகளான பிறகும் அந்த வேடிக்கை நிற்கவில்லை. அந்தத் துரைகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது, தெரியுமா? இன்ன மாதத்தில் சுடக்கூடாது, பெட்டையைச் சுடக்கூடாது, குட்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாக இருப்பார்கள். அடுத்த வருடமும் சுடுவதற்கு மிச்சம் வேண்டுமே! காட்டு விலங்கைக் காக்கவேண்டும் என்று நம் பக்கத்தில் முதலில் கறாராகப் பேசியவர்கள் அதைச் சுட்டவர்கள்தான். ரிசர்வு காடு என்பதும் அப்படித்தான். ரயிலில் ரிசர்வ் பெட்டி என்றால் யாரோ ஒருத்தர் பேருக்கு அந்த இடம் இருக்கிறது என்று பொருள். அந்தக் காடும் தேக்குக்காகவும் தண்டவாளக் கட்டைக்காகவும் யாருடைய பேருக்கோ பதிவாகி இருந்தது. மந்திக்காக இல்லை.

பிறகு சோற்றுக்கு வழியில்லாத காலம் வந்தது. ரேஷன் கடை வரிசையில் என் இடுப்பில் நீ அழுதுகொண்டிருப்பாய். எங்கே பார்த்தாலும் விளைச்சலைப் பெருக்கு, தரிசை உழு என்று ஒரே பேச்சு. உன் மாமனுக்கு இருந்த மானாவாரித் துண்டு வானம் பொய்த்துக் காய்ந்து கிடந்தது. மலையில் இடம் இருக்கிறது, போய்ப் பயிர் வை என்று பெரிய மனிதர்களே தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். மாலை போடாத குறை. உன் அப்பா தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தாரே, அந்தக் கடையிலிருந்துதான் கோடாரியும் ரம்பமும் மண்வெட்டியும் மேலே போயின. கோடாரி விற்ற காசில்தான் உன்னை மதுரையில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்கவைத்தோம். இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. உன் படிப்பும் அந்த மலையிலிருந்து இறங்கியதுதான் என்பது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்போது எங்கள் வாயில் இருந்த சொல் 'காடு திருத்துவது'. 'எங்கண்ணன் வருசநாட்டுல காடு திருத்துறாக' என்று நான் மற்ற டீச்சர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்துகிறேன், அண்ணன் மலையைத் திருத்துகிறார். இரண்டும் நல்ல வேலை. மரம் அடர்ந்து இருட்டாக நின்றால் அது பிழை, வெட்டி வெயில் விழுந்து மொச்சை முளைத்தால் அது சரி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அந்தச் சொல்லுக்குள்ளேயே அது இருந்தது. காட்டை அழிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அண்ணனும் கோடாரியை ஓங்கிய கையோடு கொஞ்சம் நின்றிருப்பாரோ என்னவோ. திருத்துகிறவர் எதற்கு நிற்கப்போகிறார்? நீ படித்த இங்கிலீஷில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தமிழில் இதைத்தான் சொன்னோம், இன்றைக்கும் சொல்கிறோம்.

அண்ணனும் மதினியும் அந்தச் சரிவில் பட்ட பாட்டை நான் எழுதி உன்னை அழவைக்கப் போவதில்லை. காய்ச்சலில் ஒரு பிள்ளையை அங்கேயே கொடுத்தார்கள், அது மட்டும் போதும். இலவ மரம் வைத்தார்கள், எலுமிச்சை வைத்தார்கள். கொஞ்சம் தலை நிமிர்ந்த நேரத்தில், எழுபதுகளில், காட்டு விலங்குச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒப்படைத்தார்கள். அதற்குப் பின்னால் வனத்தைத் தொடக்கூடாது என்று இன்னொரு சட்டம். போ போ என்று அனுப்பினவர்களே, யாரடா உன்னை இங்கே விட்டது என்று கேட்டார்கள். நேற்றுவரை காடு திருத்தியவர், மறுநாள் ஆக்கிரமிப்பாளர். மலை மாறவில்லை, அண்ணனும் மாறவில்லை, அவருக்கு வைத்த பேர் மாறிவிட்டது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு நடுவில் நீ சொன்னாய்: "அம்மா, மாமா ஊருன்னு நான் பேசக்கூடாது. ஆனா அந்த ஊர் முழுக்கத் தினமும் காட்டுக்குள்ள போகுது. பொம்பளைக வெறகும் புல்லும் அள்ளிட்டு வாராக. ஆம்பளைக ராத்திரி உள்ளயே தங்கி வெடி வைக்கிறாக. நாங்களா சொல்லல. அவுகளே ஒத்துக்கிட்டது." எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என் அண்ணன் வேட்டுவச்சு வேட்டையாடுறவரா? ஏலே, உனக்கு லேகியம் வாங்கிக் குடுத்த கை அது" என்று கத்தினேன். "பாசத்துல பேசாதம்மா" என்றாய். பாசத்தில் பேசாமல் வேறு எதில் பேசுவாள் ஒருத்தி? நீ எழுந்து போய்விட்டாய்.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி தூக்குவாளியும் பண்ணரிவாளுமாகப் போனாள். "டீச்சர், காட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன், வீட்டைப் பாத்துக்கங்க" என்றாள். சரி என்றேன். அவள் தெருமுனை திரும்புவதற்குள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். அவளுடைய காடு புறவழிப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற சோளக்கொல்லை. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

போன தை மாதம் மொச்சை பறிப்புக்கு நான் மேலே போயிருந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் குழுவிலிருந்து ஒரு பையன் ஜீப்பில் வந்தான். மெட்ராஸ்காரப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. சாவடி முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எல்லாரும் காட்டுக்குப் போவீங்களா?"

"போகாம? பொழுது விடிஞ்சா காட்டுலதான் கெடக்கோம்" என்றார் உன் மாமன்.

"பெண்களுமா?"

"பொம்பளையாளுகதான் தம்பி கூட" என்றாள் மதினி.

"அங்கேருந்து என்னல்லாம் எடுத்துட்டு வருவீங்க?"

"இருக்குறதைத்தான். வெறகு, புல்லு, இலவங்காய். பங்குனியில வந்து பாருங்க, மூடை மூடையா எறக்குவோம்."

"ராத்திரியும் போறதுண்டா?"

"பன்னி வருமுல்ல! ஆம்பளைக அங்கனதான் படுத்துக் கெடப்பாக. வந்துச்சுன்னா வேட்டுப் போடுவாக."

அந்தப் பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், நீங்களுமா?" என்று என்னைக் கேட்டான். "லீவுக்கு வந்தா நானும் ஒரு நடை போய்ட்டுத்தான் வருவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். காப்பி போட்டுக் கொடுத்து, ஒரு பை எலுமிச்சையும் கொடுத்து அனுப்பினோம்.

ஏலே, நீ இந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவன்தானே? நம் பக்கத்தில் காடு என்றால் என்ன? மானாவாரி நிலம். உழுது விதைத்த நிலம். மரமும் ஆனையும் இருக்கிற இடத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பேர் மலை. 'மலைக்குள்ள போவீகளா' என்று அவன் கேட்டிருந்தால், எதுக்கு, சாகவா என்று மதினியே திருப்பிக் கேட்டிருப்பாள். பன்றிக்குப் போடுகிற வேட்டு தீபாவளி வெடி, சத்தத்துக்கு. அவன் எங்கள் காட்டை எடுத்துக்கொண்டுபோய் இங்கிலீஷில் வனமாக்கிவிட்டான். அதை நீ இங்கிலீஷிலேயே படித்தாய். அவன் பொய் எழுதவில்லை, நாங்களும் பொய் சொல்லவில்லை. மனதறிந்து யாரும் ஒரு தப்பும் செய்யாமலேயே, என் அண்ணன் வேட்டைக்காரராகிவிட்டார். தினமும் வனத்துக்குள் போய்க் கொள்ளையடிக்கிற கூட்டத்தில் உன் அம்மாவும் ஒருத்தி.

இதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் என் பக்கம் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் நீ சொன்ன மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் வேட்டையாடவில்லை, மரம் திருடவில்லை. ஆனாலும் அந்தச் சரிவை வெட்டியது அவர்தான். நான் முதல்முதலில் அங்கே போன ஐப்பசியில் கீழ் ஓடையைக் கடக்க முடியாமல், வெள்ளம் வடியட்டும் என்று கரையில் காத்துக்கிடந்தோம். போன தையில் அதே ஓடையில் மதினி மணலைத் தோண்டி ஊற்றுநீர் இறைத்தாள். வைகையில் சேருகிற தண்ணீர் அது. 'மழை பெய்யலத்தா, ஓடை என்ன செய்யும்' என்று அண்ணன் சொல்வார். மழை குறைந்தது மட்டும் காரணமில்லை என்று அவருக்கும் தெரியும். மேல்சோலை ஒன்று, கீழ்ச்சோலை ஒன்று, நடுவில் அவருடைய மொச்சைக்காடு. நீ மேசையில் வரைந்த இரண்டு வட்டத்துக்கும் நடுவே ரசம் படாத இடம் இருந்ததே, அதுதான் உன் மாமன். வட்டத்துக்குள் இருக்கிற மந்திக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அதற்காகப் பேச உன்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை, விளங்குவதனால்தான் இந்தப் பாடு.

ஆகையால் மாமனுக்காகச் சாய்த்து எழுது என்று நான் கேட்கமாட்டேன். கேட்பேன் என்று நீ பயந்துதான் அவ்வளவு விறைப்பாகப் பேசினாய், அதுவும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. மறுபடி மேலே போ. ஜீப்பில் போய் ஜீப்பில் வராதே, மாமன் வீட்டில் தங்கு. காடா, மலையா என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்டு, அந்தத் தப்பை எடுத்துவிடு. வேட்டைக்காரர் என்ற பேரோடு என் அண்ணன் எந்த ஆபீஸ் அலமாரியிலும் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு, ஊர் அங்கேயே இருந்துகொண்டு நடுவில் மட்டும் மரம் வைத்து இரண்டு சோலையையும் சேர்க்க முடியுமா என்று பார். முடியும் என்றால் இலவம் வைத்த கை அதையும் வைக்கும். முடியாது, இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அப்படியே எழுது. ஆனால் அவர்களை ஏறச் சொன்னது யார் என்பதையும் எழுது. இறக்குகிறவர்கள் கீழே என்ன கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டும் எழுது. வாழ வந்தவர்களை எண்ணாமல் மந்தியை மட்டும் எண்ணினால் அது என்ன புது அறிவியல்? துரைமார் செய்ததும் அதுதானே.

இன்னொன்று. இறக்குவது என்று முடிவானால் அந்தத் தகவல் அவருக்கு நோட்டீஸாகப் போகக்கூடாது. நீ போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் கத்தினாலும் நின்று கேள்.

நீ போன பிறகு நம் வீட்டுப் பின்னறையைக் காலி செய்தேன். உன் அப்பா கடையில் மிஞ்சிய கோடாரிக் காம்பு, துருப்பிடித்த தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். நேற்று இலவம்பஞ்சு விலை விசாரிக்க அண்ணன் தேனிக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார்.

"யாருக்குத்தா இது, இம்புட்டு வெள்ளையா?"

காப்பி போடப் போகிறவள் போலத் திரும்பிக்கொண்டேன். "உங்க மருமகன் கல்யாணத்துக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. சுவரைத் தடவிப் பார்த்தார். "அப்பச் சரி. தாய்மாமன் சீர் கடையில வாங்கி வைக்கமாட்டேன், சொல்லிட்டேன். மெத்தை தலகாணி எல்லாம் நம்ம காட்டுப் பஞ்சுதான். எலுமிச்சை, மொச்சை எல்லாம் மேலருந்து வண்டி கட்டிக் கொண்டாருவேன். தேனி பஜாரே நின்னு பாக்கணும்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று போய்விட்டார்.

அந்த அறை அவருக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவேண்டி வந்தால், நீ வந்து சொல்.

உன் அம்மா